மச்சானுக்கு அடுத்த பெயர்

மொக்கைச்சாமிக்குப் பாண்டிதுரை தர வேண்டிய கடன் மூன்று லட்சம் ரூபாய். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்தும் கிடையாது. பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பிக்குக் கொடுத்த கைமாற்று. எப்போது தருவாய் என்று மொக்கைச்சாமி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதை மட்டும் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

சொன்னால் என்ன தப்பு? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த மனிதர். அடுத்தவன் மண்டியில் மாங்காய்க் கூடை தூக்கித் தோள் காய்த்துப் போய், பிறகு அதே தெருவில் சொந்தத் தராசு வைத்தவர். இன்றைக்கு ராஜபாளையத்தில் அவர் மண்டிக்கு வராத சரக்கு சரக்கே இல்லை. வந்து இறங்கும் மாங்காய் சப்பட்டையா பஞ்சவர்ணமா என்று காம்பை முகர்ந்தே சொல்லிவிடுவார். ரெண்டு லோடு வண்டி, ஒரு கார், மேலே மாடி எடுத்த வீடு. எல்லாம் அவர் கையால் வந்தது. அப்பன் விட்டுப் போனது ஒரு சருவப்பானை மட்டும்தான். அதுவும் ஓட்டை.

அதனால் ஊரில் யாருக்குச் சங்கடம் என்றாலும் கால் தானாக அவர் மண்டிக்குத்தான் வரும். தராசுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வந்தவன் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் இவர் வழி சொல்லி முடித்திருப்பார். "ஏலே, இதுக்கா அழுத? நான் பட்டதுல கால்வாசி இருக்குமா இது?" என்று ஆரம்பித்துத் தான் பட்டதைச் சொல்வார். வந்தவன் டீ குடித்துவிட்டுப் போவான். மொக்கைச்சாமியிடம் பேசினால் பாரம் குறையும் என்று ஊரே சொல்வதாக அவர் நம்பியிருந்தார்.

பாண்டிதுரைக்கு மகாராஜபுரம். அக்கா முத்துப்பேச்சியை மொக்கைச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தபோது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணப் பந்தலில் ஓடித் திரிந்தவன். அவனுக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது மொக்கைச்சாமி. வெங்கடேஸ்வரியைப் பெண் பார்க்கப் போனபோது முன்னால் நடந்ததும் மொக்கைச்சாமிதான். போன தை மாதம், செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும் என்று வந்து நின்றான்.

மாந்தோப்புக் குத்தகை பூவைப் பார்த்து எடுப்பது. மரம் பூத்து நிற்கும்போதே காய்க்கு விலை பேசி, முழுப் பணத்தையும் தோப்புக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். பிஞ்சு நின்றால் குத்தகைக்காரன் ராஜா. உதிர்ந்தால் அவன் பாடு. மொக்கைச்சாமியே போய் மரத்தைப் பார்த்தார். இலை தெரியாமல் பூத்திருந்தது. "எடு மாப்ளே, நான் இருக்கேன்" என்று சொல்லி மூன்று லட்சத்தைக் கொடுத்தார். அது போதாமல் பாண்டிதுரை வேறு இடங்களிலும் வாங்கியிருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மாசியில் பெய்யக் கூடாத மழை பெய்தது. பூவெல்லாம் கருகித் தரையில் கிடந்தது.

பங்குனியில் மகாராஜபுரம் அம்மன் கோயில் பொங்கல். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பது வழக்கம். தொகையோடு ரெண்டு வார்த்தை புகழ்ச்சியும் சேர்த்து வாசிக்கச் சொன்னால் மைக்செட்காரர் வாசிப்பார், அவருக்குத் தனியாக ஒரு நூறு ரூபாய். மொக்கைச்சாமி பத்தாயிரத்து ஒன்று கொடுத்தார். மைக்செட்காரர் காதில் சங்கதியைச் சொன்னார். செத்த நேரத்தில் நாலு பக்கக் குழாயும் அலறியது:

"ராஜபாளையம் மாங்காய் மண்டி உரிமையாளர், தன் மைத்துனர் பாண்டிதுரை அவர்களுக்கு வட்டியில்லாமல் மூன்று லட்சம் ரூபாய் கைமாற்று கொடுத்து, அது வராது என்று தெரிந்தும் வாய் திறந்து கேட்காத வள்ளல், மொக்கைச்சாமி அவர்கள்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மொக்கைச்சாமி துண்டைச் சரிசெய்துகொண்டார். மச்சினனுக்குக் கை கொடுத்த பெரிய மனசு யாருடையது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த பாண்டிதுரை தலையை நிமிர்த்தவில்லை. அடக்கமான பிள்ளை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சித்திரையில் ஒரு நாள், தம்பி வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானப் பஸ்ஸில் திரும்பிய முத்துப்பேச்சி, அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஏங்க, தம்பி நேத்து தோப்புக்குப் போனவன் திரும்பி வரக்கூடாதுன்னு நெனைச்சுக்கிட்டுப் போயிருக்கான்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"என்னட்டி சொல்ற?"

"வந்துட்டான். நல்லா இருக்கான். பதறாதீக."

"யாரு போய்க் கூட்டியாந்தது?"

"யாரும் இல்ல. ஏதோ கவர்மெண்டு நம்பராம். மனசு தாங்கலைன்னா அதுல பேசலாமாம். ஒரு பொண்ணு பேசுச்சாம். அவன்கிட்டப் பேசிப் பேசி, அவன் வாயாலேயே வெங்கடேஸ்வரிக்குத் தகவல் சொல்ல வச்சு, அவ தோப்புக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் லைனை வைக்கலையாம்."

"அம்புட்டு நேரமும் என்ன பேசுனானாம்?"

"எல்லாந்தான்."

எழுந்து கை கழுவினார். பிள்ளை பிழைத்தான் என்று குலசாமிக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது நிஜம். ஆனால் அந்தப் பதற்றம் அடங்கின இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லாமா? யாரிடம்? முகம் தெரியாத ஒரு பெண்ணிடம்? காலமெல்லாம் தன் மண்டிக்குச் சரக்குப் போட்டவன், எதிர் மண்டி வாசலில் வண்டியை நிறுத்தி மூட்டை இறக்குவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நெஞ்சுக்குள் எரிந்தது. மோர் குடித்துப் பார்த்தார். அது மோருக்கு அடங்கும் எரிச்சல் இல்லை.

மறுநாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு, முத்துப்பேச்சியையும் ஏற்றிக்கொண்டு மகாராஜபுரம் போனார். பாண்டிதுரை வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். "வாங்க மச்சான்" என்றான்.

"என்ன மாப்ளே, இப்படிப் பண்ணிட்ட?"

"ஆமா மச்சான்."

சொல்லிவிட்டு அடுத்த தேங்காயை எடுத்தான். வெங்கடேஸ்வரிதான் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு சொன்னபடி ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்ணே. டாக்டரு பார்த்தாக. தூங்க மாத்திரை குடுத்திருக்காக, வாரம் ஒருக்கா வந்து பேசிட்டுப் போகணுமாம். தினவட்டிக்காரன் வந்து மிரட்டுறதுக்கு கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம்னும் அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு."

தினவட்டிக்காரனா? மொக்கைச்சாமிக்கு அது புதுச் செய்தி. கேட்க வாயெடுத்தார். அதற்குள் பாண்டிதுரையின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அவுகதான். எப்படி இருக்கேன்னு கேக்கக் கூப்பிடுவாக" என்று எழுந்து, தென்னை மரத்துப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். பேசும்போது ஒரு இடத்தில் சிரித்தான்.

சிரித்தான்! ஆப்பிள் வாங்கிவந்தவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார், சிரிப்பு அங்கே போகிறது. மொக்கைச்சாமி காப்பியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அவன் திரும்பி வந்ததும் கேட்டார்:

"அந்தப் பொண்ணு எம்புட்டுக் காசு குடுத்துச்சு மாப்ளே?"

"காசா? காசு ஒண்ணும் இல்லையே மச்சான்."

"அப்ப ஏதாச்சும் பெரிய யோசனை சொல்லுச்சோ?"

"யோசனையெல்லாம் பொறவுதான். மொதல்ல கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

"கேட்டுக்கிட்டு இருந்துச்சா? அதைத்தானப்பா நானும் நாப்பது வருசமா மண்டியில செஞ்சுக்கிட்டு இருக்கேன்!"

முத்துப்பேச்சி சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். தம்பிக்காக அழுகிறாள் என்று மொக்கைச்சாமி எடுத்துக்கொண்டார். காரில் வரும்போது கேட்டதற்கு, "நான் எங்க அழுதேன்?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க மண்டியில் அவருக்கு வேலை ஓடவில்லை. மாங்காய் எண்ணும்போது முதல் காயை "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். எத்தனையோ லட்சம் காய் எண்ணின வாய் அது, ரெண்டு தடவை "ஒண்ணு" என்று தொடங்கியது. கணக்கப்பிள்ளை தனுஷ்கோடி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அந்த நம்பரு என்னய்யா, மனசு சரியில்லைன்னா பேசுறது?"

தனுஷ்கோடி பயந்துபோய்த் தன் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டு, பதினாலு நாலு பதினாறு என்று ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வெளியே போகாமல் கதவோரமே நின்றார். "போய்யா அங்கிட்டு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று மொக்கைச்சாமி விரட்ட வேண்டியிருந்தது.

காலிப் பெட்டிகள் அடுக்கின அறைக்குள் போய் உட்கார்ந்து போன் போட்டார். எந்த மொழி என்று கேட்டு, தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். வந்தது ஆண் குரல். இளவட்டக் குரல்.

"வணக்கம் ஐயா. சொல்லுங்க."

"அந்தப் பொண்ணைக் குடுப்பா."

"எந்தப் பொண்ணு ஐயா?"

"எங்க மச்சினன்கிட்டப் பேசுன பொண்ணு. மகாராஜபுரம் பாண்டிதுரை. அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும்."

"இங்க நிறைய பேர் இருக்கோம் ஐயா. ஆனா யார் பேசுனது, என்ன பேசுனாங்கன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். உங்களைப் பத்தியும் சொல்ல மாட்டோம்."

"நான் அவனுக்கு மச்சான்யா!"

"புரியுது ஐயா. அவரு உங்ககிட்ட சொல்லலைங்கிறது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, இல்லையா?"

சண்டை போடத்தான் போன் போட்டார். வரிசையாகக் கேள்வி வைத்திருந்தார். அந்தப் பையன் சத்தம் போடாமல் இப்படிக் கேட்டதும் ஒன்று கூட வரவில்லை. "கஷ்டமா? எனக்கென்னய்யா கஷ்டம்? நான் யாரு தெரியுமா?" என்று தொடங்கி, கூடை தூக்கிய கதையிலிருந்து மாடி எடுத்த கதை வரைக்கும் சொன்னார். பையன் நடுவில் புகவில்லை. தான் பட்டதில் கால்வாசி இருக்குமா என்று அவன் சொல்லவே இல்லை. அதனால் மொக்கைச்சாமி சொல்லிக்கொண்டே போனார். எங்கேயோ வழி தவறி, சொந்தத் தராசு வைத்த முதல் வருசம் ஒரு லோடு முழுக்க அழுகிப்போய், யாரிடமும் சொல்லாமல் அய்யனார் கோயில் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்திருந்த சாயங்காலத்தையும் சொல்லிவிட்டார். அதை முத்துப்பேச்சிக்குக்கூடச் சொன்னதில்லை.

"அன்னைக்கு ஏன் ஐயா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா ஊரு சிரிக்கும்லப்பா."

சொன்னதும் அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. பையன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தவில்லை. "இப்ப எப்படி இருக்கு ஐயா?" என்று மட்டும் கேட்டான்.

"என்னத்தச் சொல்ல. நீயும் நல்லாத்தான் கேக்குற" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு வைத்தார்.

ஆனால் பொறாமை லேசில் விடுகிற சரக்கா? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அந்தப் பெண்ணால் கேட்கத்தான் முடியும். மூன்று லட்சம் கடனைத் திருப்பித் தர வேண்டாமென்று தள்ளிவிட முடியுமா? மொக்கைச்சாமியால் முடியும். வெறும் காதா, முழு மனிதனா என்று பாண்டிதுரைக்கு இப்போது தெரியட்டும். சாட்சிக்குத் தனுஷ்கோடியையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் மகாராஜபுரம் டீக்கடையில் இறங்கி, தெரிந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டார்.

"மாப்ளே, இங்க வா. எல்லாரும் கேட்டுக்கோங்க. பாண்டிதுரை எனக்குத் தர வேண்டிய மூணு லட்சத்தை..."

"மச்சான்" என்று பாண்டிதுரை கையைப் பிடித்தான். பிடி இறுக்கமாக இருந்தது. "அண்ணே, நீங்கள்லாம் செத்த நேரம் டீக்கடையில இருங்க. நான் மச்சான்கிட்டப் பேசணும்."

அவர்கள் போனதும், உரிமட்டை குவித்துக் கிடந்த இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனான்.

"தள்ளிவிடப் போறீக. அப்படித்தான?"

"பின்ன? உனக்கு இல்லாத காசா?"

"வேண்டாம் மச்சான்."

"ஏன்டா வேண்டாம்?"

"அதையும் சொல்லுவீக. நான் சாகுற வரைக்கும் சொல்லுவீக. என்னைக் கொண்டுபோய்ப் பொதைச்ச பொறவும் சொல்லுவீக."

மொக்கைச்சாமி காலடியில் கிடந்த மட்டையை ஒதுக்கித் தள்ளினார்.

"கோயில்ல மைக்குல சொன்னீக. மறுநாள் விடியவும் உரக்கடைக்காரரு வந்து நின்னாரு. மச்சானுக்கே மூணு லட்சம் வராதுன்னா எனக்கு எங்க வரும்னு கேட்டாரு. மத்தியானம் தினவட்டிக்காரன் வந்தான். அவன்கிட்ட நான் வாங்குனது வெங்கடேஸ்வரிக்கே தெரியாது. தெரு பூரா பார்க்க நின்னு கத்துனான். அதுக்குப் பொறவு டீக்கடைப் பக்கம்கூட நான் போகல."

"நான் உன்னைப் பெருமையாத்தானடா..."

"உங்களைப் பெருமையா மச்சான்."

பக்கத்து வீட்டில் யாரோ மிக்சி போட்டார்கள். மொக்கைச்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்குத் தோப்புல போனை எடுத்து மொதல்ல உங்க பேரைத்தான் தேடுனேன்" என்றான் பாண்டிதுரை. குரல் இறங்கியிருந்தது. "'மச்சான்'னு போட்டிருக்கேன். அதுலயே விரலை வச்சுக்கிட்டு இருந்தேன். கூப்பிட்டா வந்துருவீக, அது தெரியும். காரை எடுத்துக்கிட்டுப் பறந்து வந்துருவீக. மறுநாள் மண்டிக்கு வார அம்புட்டுப் பேருக்கும் நான் எந்த மரத்தடியில உக்காந்து அழுதேன்னு தெரிஞ்சிரும். அமுக்க விரலு வரல. அப்பத்தான் பார்த்தேன், உங்களுக்கு அடுத்த பேரு 'மனசு'ன்னு இருந்துச்சு. அப்படி ஒரு பேரை நான் போடல. எம் மக மகாலட்சுமி போட்டிருக்கா. காலேஜுல யாரோ வந்து பேசி, வீட்டுல எல்லாரு போன்லயும் இந்த நம்பரைப் போட்டு வைங்கன்னு சொன்னாகளாம். புள்ள சொல்லாமப் போட்டு வச்சிருக்கு. யாருன்னுகூடத் தெரியாமத்தான் அமுக்குனேன்."

மொக்கைச்சாமி மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு பெயர் தள்ளி. ஏலத்தில் ஒரு ரூபாய் வித்தியாசத்தில் சரக்கு கைவிட்டுப் போகுமே, அப்படிப் போயிருக்கிறது. தன் பெயருக்குக் கீழே அந்தப் பெயர் இல்லாமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை நாள் யார் மேல் பொறாமைப்பட்டாரோ, அந்தக் குரல் இல்லாமல் இந்தப் பயல் இங்கே நின்று தன்னை ஏசிக்கொண்டிருக்க மாட்டான். அது தெரிந்தும் எரிச்சல் முழுக்கப் போய்விடவில்லை. நெஞ்சில் ஒரு மூலையில் கிடந்தது.

"இப்ப என்னதான்டா செய்யச் சொல்ற?"

"கடன் இருக்கட்டும். உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும். கான்சாபுரத்துல தேங்கா வெட்டு காண்ட்ராக்ட் எடுத்திருக்கேன். கையில நின்னதும் மாசாமாசம் தாரேன். வாங்கிக்கோங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அக்காகிட்டக்கூட."

"மூணு லட்சத்தைத் தள்ளிவிடுறது லேசு மாப்ளே. வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்கு நான் எங்க போவேன்?"

பாண்டிதுரை சிரித்தான். தென்னை மரத்தடியில் போனில் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை அது மொக்கைச்சாமிக்கு வந்தது.

டீக்கடையில் காத்திருந்தவர்கள் ஆவலாக எழுந்தார்கள். "என்ன அண்ணாச்சி, மூணு லட்சத்தை என்ன செஞ்சீக?" மொக்கைச்சாமி வாயைத் திறந்தார். மூடினார். "டீ சூடா இருக்கா?" என்றார்.

வைகாசியும் ஆனியும் அவருக்குப் போனதுபோல எதிரிக்கும் போக வேண்டாம். மண்டிக்கு வருகிறவர்கள் மச்சினன் எப்படி இருக்கிறான் என்று விசாரிப்பார்கள். தான் சொல்லாமல் இருக்கும் பெருமையைச் சொல்ல முடியாமல் அவருக்கு வாய் ஊறும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்த எண்ணைக் கூப்பிட்டு, "ஒரு விசயம் இருக்கு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், உங்ககிட்டச் சொல்லலாமா?" என்று கேட்டார். சொல்லலாம் என்றார்கள். பாதியில் அவருக்கே பதறியது. "யாராவது ஆபத்துல லைனுக்குக் காத்துக்கிட்டு இருப்பாக. நான் வைக்கிறேன் தாயி" என்று வைத்துவிட்டார். மண்டிக்கு அழுதுகொண்டு வருகிறவர்களிடம் முன்னைப் போலவே கதை சொன்னார். ஆனால் அவர்கள் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரை பொறுத்திருந்தார். வாயில் வெற்றிலை இருந்ததால் அப்படி என்று தனுஷ்கோடியிடம் சொல்லிக்கொண்டார். அந்த எண் எழுதின அட்டை தராசுக்கு மேலே ஆணியில் தொங்கியது. யாராவது கேட்டால், "வச்சுக்கோ, நான் இல்லாத நேரத்துக்கு" என்பார்.

ஆவணியில் ஒரு நாள், மண்டி நிறைய ஆள் இருக்கும் முற்பகல் நேரத்தில் பாண்டிதுரை வந்தான். முகம் தெளிந்து கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான். மொக்கைச்சாமி எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், காலிப் பெட்டி அறைக்குள் போனார். பின்னாலேயே அவன் வந்தான்.

"யாரு அண்ணாச்சி, மச்சினனா? என்ன விசயம்?" என்று தனுஷ்கோடி வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சும்மா. பார்க்க வந்திருக்கான்" என்றார் மொக்கைச்சாமி. சொன்ன வாய் வலித்தது.

பாண்டிதுரை இடுப்பு மடியிலிருந்து ஒரு நோட்டுக்கட்டை எடுத்தான். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். தேங்காய் மட்டையின் தூசி ஒட்டியிருந்தது.

"கையை நீட்டுங்க மச்சான்."

நீட்டாமல் நின்றார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"நீ காசு கட்டப் போறன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. மொதல்ல உங்ககிட்டதான்."

மொக்கைச்சாமி வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். கூடை தூக்கிக் காய்த்த கை. அதில் பாண்டிதுரை முதல் தாளை வைத்தான்.

"லாபம்" என்றான். "ரெண்டு. மூணு. நாலு..."